பத்துக்கு இரண்டு

எனக்குக் குடலில் ஏறக்குறைய ஒரு முழம் இப்போது இல்லை. மீதியை வைத்துக்கொண்டு இதைச் சொல்லுகிறேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள் நான். நான் சொல்லச் சொல்ல எழுதுவது என் மருமகள் மெர்சி. என் பேச்சை அப்படியே எழுதினால் நாலு பேர் முன்னால் வைக்க முடியாது என்று அவள் அதற்குக் கொஞ்சம் தலைவாரிப் பொட்டு வைத்துத்தான் எழுதுவாள். நர்சு படிக்கிற பிள்ளைகள் கையில் இது கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டாலும் நான் வாயை மூடப் போவதில்லை.

முட்டத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். கடற்கரையில் மீனை ஏலம் எடுத்து, சட்டியில் அள்ளித் தலையில் ஏற்றி, பஸ் பிடித்துத் திங்கள்சந்தைக்குக் கொண்டுபோய் விற்பது என் பிழைப்பு. மகன் சேவியர் கல்ஃபில் போட்டில் மீன் பிடிக்கிறான். "இனி சும்மா இரியேம்மா" என்று ஃபோனில் சொல்லுவான். சும்மா இருக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். முதலில் அவர்களுடைய சட்டி கவிழும், பிறகு வாய் ஒடுங்கும், அப்புறம் வீட்டில் ஒரு மூலை ஒதுங்கும். ஆகவே ஆஸ்பத்திரியில் கிடந்தபோது சாவைவிட எனக்குப் பெரிய பயம் ஒன்றுதான். இனிமேல் தலையில் சுமை எடுக்க முடியாமல் போய்விடுமோ?

சந்தையில் உட்கார்ந்திருக்கும்போதுதான் அது தொடங்கியது. துணி பிழிவது போல வயிற்றைப் பிடித்து ஒரு திருகு. பிறகு விட்டது. அலை மாதிரி மறுபடியும் வந்தது. மிச்சமிருந்த சாளை மீனைப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டு வீட்டுக்கு வந்து வாந்தி எடுத்தேன். மெர்சி ஓமம் கொதிக்கவைத்துத் தந்தாள். அதையும் வாந்தி எடுத்தேன். மறுநாள் காலையில் ஆட்டோ பிடித்து நாகர்கோவிலுக்குக் கொண்டுபோனாள். நர்சிங் காலேஜும் சேர்ந்திருக்கிற ஆஸ்பத்திரி. பிள்ளைகள் நிறைய இருக்கும், கவனிப்பு நல்லா இருக்கும் என்று ஆட்டோக்காரன் சொன்னான். பிள்ளைகள் நிறைய இருந்தார்கள் என்பது உண்மை.

இன்னொரு சங்கதி இருந்தது. அதற்குச் சில நாள் முன்னால் கடற்கரையில் கெளுத்தி முள் ஒன்று என் வலது காலில் குத்தியிருந்தது. காலில் முள் ஏறினால் தொடை இடுக்கில் நெறி கட்டும். எங்கள் ஊரில் நடக்கப் படிக்கிற குழந்தைக்கும் இது தெரியும். வலது இடுக்கில் நெல்லிக்காய் போல ஒரு கட்டி இருந்தது. நெறி என்று நினைத்தேன். வெற்றிலையில் எண்ணெய் தடவி, வாட்டி ஒட்டினேன். நெறியை டாக்டரிடம் காட்டுகிற வழக்கம் எங்களுக்குக் கிடையாது. அதுவும் அந்த இடத்தில் இருக்கிற நெறியை.

வரிசையில் காத்திருந்து கடைசியில் ஒரு சின்ன டாக்டரிடம் போய்ச் சேர்ந்தோம். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தபடியே கேட்டார்.

"என்ன சாப்பிட்டீங்க?"

"முந்தின நாளு மிஞ்சின சாளைக் கறி" என்று மெர்சி சொன்னாள்.

"அதான்" என்றார் அவர்.

அவ்வளவுதான் நோய்க்குப் பெயர் வைத்த விழா. கையில் ஊசி குத்தி டிரிப் ஏற்றினார்கள், பெண்கள் வார்டில் ஜன்னலோரக் கட்டில் தந்தார்கள். மீன் விற்கிறவளுக்குக் கெட்ட மீனால் நோய் வந்தது என்று வார்டு முழுக்கச் செய்தி போய்விட்டது. அந்த அவமானம் வேறு.

அன்று மதியம் என்னைப் பிடித்துக்கொண்டவள் ஜினி. கருங்கல் பக்கத்துப் பிள்ளை, இரண்டாம் வருடம் படிக்கிறாள். நோயாளியைத் தலைமுதல் கால்வரை சோதித்து எழுதி டீச்சரிடம் காட்டவேண்டுமாம். அவளுக்கு வாய்த்த நோயாளி நான்.

"பாட்டி, ஒங்களுக்கு முன்ன ஏதாவது ஆப்பரேஷன் நடந்திருக்கா?"

"எனக்கு இல்ல மக்கா. மீனுக்கு நெறைய செய்திருக்கேன்."

"சுகர் உண்டா?"

"எனக்க மருமவ காப்பியில போட்டா உண்டு. அவ போடமாட்டா."

"மாமி, பிள்ளைய படிக்க விடுங்கோ" என்றாள் மெர்சி.

ஜினி சிரிப்பை அடக்கிக்கொண்டு எல்லாம் செய்தாள். மூன்று விரலை என் மணிக்கட்டில் வைத்து நாடி பார்த்தாள். பெருவிரலால் பார்க்கக்கூடாதாம், அந்த விரலுக்குச் சொந்தமாக ஒரு துடிப்பு உண்டாம். நாடி எண்ணி முடித்த பிறகும் கையை விடாமல் என் நெஞ்சையே பார்த்தாள்.

"என்னட்டி, இன்னும் எண்ணி முடியலியா?"

"இல்ல பாட்டி, சும்மா."

பிறகுதான் சொன்னாள். அப்போது அவள் எண்ணியது மூச்சு. மூச்சை எண்ணுகிறேன் என்று முன்னாலே சொல்லிவிட்டால் நோயாளி மூச்சு விடுவதை மாற்றிவிடுவார்களாம். எங்கள் தராசு வித்தையெல்லாம் இவர்களுக்கும் தெரிகிறதே என்று எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. புறங்கைத் தோலைக் கிள்ளித் தூக்கி விட்டாள். அது உடனே படியாமல் கூடாரம் போல நின்றது. உடம்பில் தண்ணீர் வற்றிவிட்டது என்று அர்த்தமாம். மேல்கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்து, குழாயைக் காதில் மாட்டி பிரஷர் பார்த்தாள். எல்லாம் சரியாகத்தான் செய்தாள்.

கடைசியில் கேட்டாள்: "பாட்டி, வலி எவ்வளவு இருக்கு? பூஜ்யம்னா வலியே இல்ல. பத்துன்னா தாங்கவே முடியாத வலி. நீங்க ஒரு நம்பர் சொல்லுங்கோ."

இங்கேதான் என் தொழில் என்னைக் கெடுத்தது.

ஏலத்துக்கு நிற்கிறவள் எடுத்த எடுப்பில் முழு விலை சொல்லமாட்டாள். ஆயிரம் போகிற மீன் கூறுக்கு இருநூறு என்று தொடங்குவாள். ஏலக்காரன் தலையில் அடித்துக்கொள்வான், ஏற்றிக் கேட்பான், இவள் இன்னும் கொஞ்சம் ஏறுவாள். நாலு தடவை போய்வந்த பிறகுதான் உண்மையான விலை வெளியே வரும். முதலில் சொன்ன எண்ணைப் பிடித்துக்கொண்டு ஒருவரும் வீட்டுக்குப் போவதில்லை. வலி நான் விற்க வைத்திருந்த சரக்கும் அல்ல, என் தலையில் கட்டப் பார்க்கிற சரக்கு. அதற்குப் போய் யாராவது கூட்டிச் சொல்வார்களா?

"ரெண்டு" என்றேன்.

அவள் ஏற்றிக் கேட்பாள் என்று காத்திருந்தேன். 'என்ன பாட்டி, மூஞ்சி இப்படிச் சுளியுது, ரெண்டாவது ஒண்ணாவது, சரியா சொல்லுங்கோ' என்று கேட்டிருந்தால் நாலு என்றிருப்பேன். இன்னொரு தடவை கேட்டிருந்தால் ஏழு. வயிற்றில் அப்போது கிடந்தது எட்டு. அவள் "ரெண்டு" என்று எழுதிக்கொண்டு, "தேங்க்ஸ் பாட்டி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அந்த இரண்டு அப்புறம் வார்டு முழுவதும் நடமாடியது. மாலையில் சின்ன டாக்டர் வந்தார். கட்டிலின் கால்மாட்டில் நின்று சார்ட்டைப் புரட்டினார்.

"வலி ரெண்டுதான். பாட்டி ஜோக்கெல்லாம் அடிக்கிறாங்களாமே. நல்லா இருக்காங்க" என்றார்.

எனக்குப் பயம் வந்தால் வாய் அதிகமாகும். என் புருஷன் கடலில் காணாமல் போன மூன்று நாளும் நான் பேசிய பேச்சுக்கு ஊரே சிரித்தது. இது மெர்சிக்குத் தெரியும். சார்ட்டுக்குத் தெரியாது.

இரவெல்லாம் வாந்தி. முதலில் பச்சை, பிறகு வேறு நிறம். வயிறு ஊதி மத்தளம் போல ஆயிற்று. வெளிக்கும் போகவில்லை, காற்றும் போகவில்லை. டியூட்டி நர்சு வந்து இன்னொரு ஊசி போட்டாள். மெர்சி என் முதுகைத் தடவிக்கொண்டு தரையில் பாய் விரித்து உட்கார்ந்தே இருந்தாள். நானும் அவளும் வீட்டில் உப்பு, புளிக்கெல்லாம் சண்டை போடுகிறவர்கள். அன்றைக்குச் சண்டைக்கு ஒரு காரணம்கூட அகப்படவில்லை.

காலையில் டீச்சர் மேடம் ஒரு கூட்டத்தோடு வந்தார். ஆண்பிள்ளைகளும் இருந்தார்கள். ஜினி முன்னால் நின்றாள்.

"ஊதின வயிறு. நல்ல கேஸ். எல்லாரும் பக்கத்தில வாங்க" என்றார் மேடம்.

வயிற்றைச் சோதிப்பதற்கு ஒரு வரிசை உண்டாம். அதை நானே இப்போது ஒப்பிப்பேன். முதலில் கண்ணால் பார்க்கவேண்டும். அடுத்து குழாய் வைத்துக் கேட்கவேண்டும். அப்புறம்தான் கையால் தொடுவதும் தட்டுவதும். முதலிலேயே அமுக்கினால் குடலின் சத்தம் மாறிவிடும். பார்க்கும்போது நெஞ்சுக்குக் கீழிருந்து தொடை வரை திறந்து பார்க்கவேண்டும் என்று மேடமே சொன்னார். சொல்லிவிட்டு, போர்வையைத் தொப்புளுக்குக் கீழே நாலு விரல் இறக்கி நிறுத்தினார்.

"வயசானவங்க. பையன்களும் இருக்காங்க. நோயாளிக்கு மரியாதை முக்கியம். இது போதும்" என்றார்.

எனக்கும் அது நிம்மதியாகத்தான் இருந்தது. அதையும் மறைக்காமல் சொல்லவேண்டும்.

முதலில் ஜினி குழாயை வைத்தாள். ரொம்ப நேரம் கேட்டாள். முகம் சுருங்கியது.

"ஒண்ணும் கேக்கல்ல மேடம்."

"எப்படிக் கேக்காம இருக்கும்? சரியா வையி. எடத்த மாத்து."

மாற்றி வைத்தாள். கேட்டாள். மேடத்தைப் பார்த்தாள்.

"கேக்குது மேடம்."

அடுத்த பையன் வந்தான். அவனுக்கும் கேட்டது. அதற்கடுத்த பிள்ளை குழாயைக் காதில் சரியாக மாட்டக்கூட இல்லை, அவளுக்கும் கேட்டது. என் வயிற்றுக்குள்ளே என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியும். முந்தின நாள் கடமுடா என்று உருண்டது அன்று காலையில் செத்த வீடு மாதிரி அடங்கிப்போயிருந்தது. ஆனால் வரிசையாகப் பத்துப் பிள்ளைகளுக்கும் கேட்டது.

"கடைசியா வாறவனுக்கு பாட்டும் கேக்கும்" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். மேடமும் சிரித்தார். நான் அதைச் சிரிப்புக்காகச் சொல்லவில்லை.

அவர்கள் போன பிறகு எனக்கு வாந்தி வந்து மேலெல்லாம் பட்டது. மெர்சி வாளியில் தண்ணீர் கொண்டுவந்து, சேலையை அவிழ்த்து, துணியை நனைத்துத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே வந்தவள் கை நின்றது.

"மாமி, இது என்னது?"

"நெறி. கால்ல முள்ளு குத்திச்சில்லியா."

"நெறி இப்பிடியா இருக்கும்? செவந்து கெடக்கு. தொட்டா சுடுது."

அப்போதுதான் நானும் குனிந்து பார்த்தேன். நெல்லிக்காய் எலுமிச்சை ஆகியிருந்தது.

மெர்சி கத்தவில்லை. எனக்குச் சேலையைச் சுற்றிவிட்டு, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு நர்சுகள் மேசைக்குப் போனாள். "எனக்க மாமிக்கு தொடை இடுக்குல ஒரு கட்டி இருக்கு. ஆரும் பாக்கல்ல. இப்பம் வந்து பாருங்கோ. நீங்க வாறதுவரை நான் இங்கனயே நிக்கேன்" என்று சொன்னாளாம். நின்றாள். பெரிய டாக்டர் வந்தார். திரை இழுத்தார்கள், போர்வை விலகியது. அவர் ஒரு விரலால் தொட்டார், முகத்தில் இருந்த சிரிப்பு போயிற்று.

குடல் இறக்கம் என்றார். சுமை தூக்கித் தூக்கி வயிற்றின் அடிச்சுவரில் ஒரு பொத்தல் விழுந்திருக்கிறது. அதன் வழியாகக் குடலின் ஒரு மடிப்பு கீழே நழுவி இறுகிவிட்டது. சுருக்குப் போட்ட கழுத்து மாதிரி. இறுகிய குடலுக்கு ரத்தம் போகாது, ரத்தம் போகாவிட்டால் அது கறுத்துச் செத்துப்போகும். உடனே வெட்டித் திறக்கவேண்டும்.

"எப்ப இருந்து இந்தக் கட்டி இருக்கு? ஏன் பாட்டி சொல்லல்ல?" என்று கேட்டார்.

"நீங்க ஆரும் கேக்கல்லியே டாக்டரே."

அவர் சார்ட்டைப் பார்த்தார். அங்கே இரண்டு என்று எழுதியிருந்தது.

ஆப்பரேஷன் முடிந்து கண் விழித்தபோது மெர்சியின் கழுத்து வெறுமையாக இருந்தது. நான் சங்கிலி எங்கே என்று கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. மூக்கு வழியாக ஒரு குழாய், கையில் ஒரு குழாய், மூத்திரத்துக்கு ஒரு குழாய். எங்கள் ஊர்க் குழாயடிகூட இவ்வளவு சீராக இருக்காது.

குடலை வெட்டித் தைத்தால் அது கொஞ்ச நாள் தூங்கும். விழித்துக்கொண்டதற்கு அடையாளம் காற்றுப் பிரிவது. அதுவரை ஒரு மிடறு தண்ணீர் கிடையாது, பஞ்சை நனைத்து உதட்டில் ஒற்றுவார்கள். விழிக்காவிட்டால் மறுபடியும் திறக்க வேண்டிவருமாம். அப்புறம் பார்க்கவேண்டும், என் குசுவுக்கு வந்த மவுசை. பெரிய டாக்டர் வந்ததும் "காத்து போச்சா பாட்டி?" நர்சு மாறும்போதெல்லாம் "போச்சா?" சேவியர் கல்ஃபிலிருந்து கூப்பிட்டு, வார்டுக்கே கேட்கிற மாதிரி "அம்மைக்குப் போச்சாட்டி?" என்று பெண்டாட்டியிடம் கேட்டான். பங்குச் சாமியார் வந்து நெற்றியில் எண்ணெய் பூசி ஜெபித்தார். ஜெபம் முடிந்ததும் மெர்சியை ஓரமாகக் கூப்பிட்டு அவரும் அதையேதான் கேட்டார்.

ஜினி தினமும் வந்து குழாயை வைத்துக் கேட்டாள். இப்போது கேட்கவில்லை என்றால் கேட்கவில்லை என்றே எழுதினாள். ஒருநாள் குழாயை எடுத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"பாட்டி, நீங்க ரெண்டுன்னு சொன்னீங்களே. ஏன் அப்பிடி சொன்னீங்க?"

"நீ ஏத்திக் கேப்பேன்னு நெனச்சேன். எங்க ஊருல முதல் வெலைய ஆரும் நம்பமாட்டாவ. நீ நம்பிட்ட."

அவள் கண் நிறைந்தது.

"அழாதட்டி. நீ அழுதா எனக்குக் கொடலு வளருமா? வயித்துல சத்தம் கேக்கல்லன்னு நீ முதல்ல சொன்னியே, அது உள்ளது. பெறவு எதுக்கு மாத்தின?"

"மேடம் கேக்கும்னு சொன்னாவ."

"மேடத்துக்க காதா ஒனக்க தலையில இருக்கு?"

அவளைத் தேற்ற எனக்கு மனம் வரவில்லை. இப்போதும் வரவில்லை.

அடுத்த நாள் மத்தியானம் காற்றுப் போயிற்று. மெர்சி முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். எனக்கு ஒரு மூடி தண்ணீர் தந்தார்கள், மறுநாள் கஞ்சித்தெளிவு. குடல் பிழைத்துக்கொண்டது, நானும் பிழைத்துக்கொண்டேன் என்று எல்லாரும் சொன்னார்கள். அப்போது நான் பெரிய டாக்டரிடம் கேட்டேன்.

"இனி எப்பம் சட்டி எடுக்கலாம்?"

"எந்தச் சட்டி?"

"மீன்சட்டி. தலச்சொமடு."

அவர் கட்டிலில் உட்கார்ந்தார். உட்கார்ந்து பேசுகிற டாக்டர் நல்ல செய்தி சொல்லமாட்டார் என்று அதற்குள் எனக்குத் தெரிந்திருந்தது.

"இனி வேண்டாம் பாட்டி. சுவர் ரொம்ப மெலிஞ்சிருக்கு. குடல் நல்லா இருக்கும்போதே வந்திருந்தா பொத்தலுக்கு உறுதியா வலை வச்சுத் தைக்கலாம். கொஞ்ச நாள் கழிச்சு நீங்க சின்னச் சுமையாவது எடுத்திருப்பீங்க. செத்த குடல் கிடந்த இடத்தில வலை வைக்க முடியாது, சீழ் பிடிக்கும். ஒரு குடம் தண்ணிகூடத் தூக்கக்கூடாது."

"மொத நாளு பாத்திருந்தா?"

"அது இப்ப எதுக்கு?" என்று எழுந்துபோனார்.

வீட்டுக்கு விடுவதற்கு முந்தின நாள் ஸ்டெல்லா வந்தாள். சந்தையில் எனக்கு அடுத்து உட்கார்ந்து விற்கிறவள், என்னைவிட ரொம்ப இளையவள். ஒரு பை ஆரஞ்சு கொண்டுவந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு ஊர்க்கதை எல்லாம் சொன்னாள். போக எழுந்தவள் மறுபடியும் உட்கார்ந்தாள்.

"மாமி, ஒண்ணு கேப்பேன். தப்பா நெனக்கக்கூடாது."

"கேளு."

"நீங்க வாறதுவரைக்கும் ஒங்க எடத்துல நான் இருக்கட்டா? சும்மா கெடந்தா வேற ஆராவது வந்து இருப்பாவ. நீங்க வந்த ஒடனே எழும்பித் தருவேன்."

நல்ல மனதோடுதான் கேட்டாள். நான் வரமாட்டேன் என்று அவளுக்கும் தெரியும்.

"இரிட்டி. மரத்துக்க நெழலு மத்தியானத்துக்கு மேல இந்தப் பக்கம் வரும். அப்பம் சட்டிய கொஞ்சம் நெழலுக்குத் தள்ளி வையி. மஞ்சச் சொவரு வீட்டு டீச்சருக்கு நெத்திலி மட்டும் போதும், தலை கிள்ளிக் குடுக்கணும். தையக்கடைக்காரருக்கு வாளை எடுத்து வையி, பைசா மறுநாளு தருவாரு, கேக்கப்பிடாது. பேங்குல வேல பாக்குத அந்தப் பிள்ளைக்கு மீனு பாக்கத் தெரியாது. அவளுக்கு கெட்டத குடுத்திராத."

"செரி மாமி."

"எனக்க பேரச் சொல்லிக் கேட்டா, ஊருக்குப் போயிருக்கான்னு சொல்லு."

ஸ்டெல்லா போனாள். நான் ஒரு ஆரஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு உரிக்காமல் இருந்தேன். அப்போது ஜினி வந்து பட்டையைச் சுற்றிக் காற்றடித்தாள். ஒருமுறை பார்த்தாள். காற்றை இறக்கிவிட்டு, கொஞ்சம் பொறுத்து மறுபடியும் பார்த்தாள்.

"பாட்டி, பிரஷர் கூடியிருக்கு. எங்கயாவது வலிக்கா?"

"இல்ல மக்கா."

அவள் எழுத எடுத்த பேனாவைத் திறக்காமலே நின்றாள். என் முகத்தைப் பார்த்தாள். ஆரஞ்சைப் பார்த்தாள். ஸ்டெல்லா உட்கார்ந்திருந்த காலி நாற்காலியைப் பார்த்தாள். பிறகு பேனாவைப் பையில் வைத்துவிட்டு, "கொறச்சு நேரம் கழிஞ்சு வாறேன் பாட்டி, அப்பம் பாத்துக்கிடலாம்" என்று மெல்லச் சொன்னாள்.

கட்டிலைச் சுற்றித் திரையை முழுக்க இழுத்து மூடினாள். அடுத்த கட்டிலில் அன்றைக்குத்தான் வந்து சேர்ந்த ஒரு பெண் படுத்திருந்தாள். திரைக்கு அந்தப் பக்கம் ஜினி அவளிடம் பேரும் வயதும் கேட்கத் தொடங்குவது எனக்குக் கேட்டது. அந்தப் பக்கம் கேட்காதபடி நான் சேலைத்தலைப்பை வாயில் வைத்துக்கொண்டேன்.